வார்பேண்டில் யாவாரம்: மீன்காரம்மா மகன் சொல்கிற கணக்கு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா பையன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். "இன்னா மாமா, அறுபது பேரு வெச்சிருக்கேன், கூலி குடுக்கக் காசில்ல. ஆளுங்க ராத்திரியில ஓடிப் போறானுங்க" என்றான். திரையில் மவுன்ட் அண்ட் பிளேட்: வார்பேண்ட். 2010-ல் வந்த ஆட்டம். துருக்கிக்காரர்கள் செய்தது. என்னிடம் இருக்கிற பழைய லேப்டாப்பில் மூச்சு வாங்காமல் ஓடுகிற ஒரே பெரிய ஆட்டம் அதுதான் என்பதால் பல வருஷமாக ஆடிக்கொண்டிருக்கிறேன்.

அவன் மூட்டையைத் திறந்து பார்த்தேன். ஓட்டை வாள் நாலு, கிழிந்த சட்டை மூன்று, ஒரு மீன் பீப்பாய். அறுபது பேருக்குச் சோறு போடுகிற தலைவனின் சொத்து அவ்வளவுதான். நாற்பது பேரை அனுப்பிவிடு என்றேன். முறைத்தான். சரி, எழுதியே கொடுத்துவிடுகிறேன் என்று உட்கார்ந்ததுதான் இது.

நான் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கம் ஒரு மொத்தத் துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். அம்மா முப்பது வருஷம் காசிமேட்டில் மீன் எடுத்து கொருக்குப்பேட்டைத் தெருக்களில் விற்றவர். யாவாரம் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி கடையில் கற்றது, பாதி அம்மாவின் கூடையிலிருந்து வந்தது. கல்ராடியாவில் எனக்கு உதவியது கூடைப் பாதிதான்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு: கல்ராடியா என்பது ஆட்டத்துக்கென்று உருவாக்கிய ஒரு இடைக்கால நாடு. ஆறு ராஜ்யங்கள், 22 நகரங்கள், அவற்றைச் சுற்றிக் கிராமங்களும் கோட்டைகளும். காசுக்குப் பெயர் டினார். ராஜாக்கள் எப்போதும் யாருடனாவது சண்டையில் இருப்பார்கள். நீங்கள் குதிரையில் ஏறி யாராக வேண்டுமானாலும் ஆகலாம். பெரும்பாலானவர்கள் தளபதி ஆகப் பார்ப்பார்கள். தளபதிக்கு வருகிற முதல் நோய் கடன்.

ஆளை உருவாக்கும்போதே சில கேள்விகள் வரும். அப்பா யார் என்றால் ஊர் ஊராகப் போகும் வியாபாரி என்று சொல்லுங்கள். அடுத்து என்ன வேலை பார்த்தாய் என்றால் கடைப் பையன். இரண்டும் 'டிரேட்' திறமைக்கு உதவும். அந்தத் திறமையில் ஒரு புள்ளி ஏறினால், வாங்கும்போதும் விற்கும்போதும் உங்கள் தலையில் கட்டுகிற வித்தியாசம் 5 சதவீதம் குறையும். அது கரிஸ்மாவோடு, அதாவது ஆளைக் கவர்கிற குணத்தோடு, கட்டிய திறமை. மூன்று கரிஸ்மாவுக்கு ஒரு புள்ளிதான் ஏற்றலாம். எல்லாவற்றையும் நீங்களே சுமக்கவும் வேண்டாம். டிரேட் என்பது கூட்டத்துக்கே பொதுவான திறமை, கூட்டத்தில் யாரிடம் அதிகம் இருக்கிறதோ அவருடையதுதான் கணக்கு. சாராயக்கடைகளில் தேடினால் மார்னிட் என்று ஒருவர் கிடைப்பார், யாவாரம் தெரிந்தவர். அவரைச் சேர்த்துக்கொண்டு, அவருக்கு வருகிற புள்ளிகளை டிரேடில் போட்டுவிடுங்கள். வாளை நீங்கள் பிடியுங்கள், தராசை அவர் பிடிக்கட்டும்.

முதல் வேண்டுமே என்பீர்கள். ஆரம்பத்தில் கையில் இருப்பது சில்லறைதான். நகரத்தில் டோர்னமென்ட் என்கிற சண்டைப் போட்டி நடந்தால் இறங்குங்கள். ஒவ்வொரு சுற்றிலும் உங்கள் மேல் நீங்களே 100 டினார் வரை கட்டலாம். தோற்றால் கட்டிய காசோடு போயிற்று, ஆளுக்கோ சரக்குக்கோ சேதமில்லை. நகரத்து வணிகர் சங்கத் தலைவரான கில்டு மாஸ்டரிடம் போனால் சாராயப் பீப்பாய்களை வேறொரு நகரத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையும் கிடைக்கும். கூலி பெரிதில்லை, ஆனால் வழி பழகும். நான் ஓராயிரம் டினார் சேரும்வரை இந்த இரண்டைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை.

அப்புறம் ஆள் கணக்கு. யாவாரத்துக்குப் பதினைந்து இருபது பேர் போதும், ஆனால் எல்லாரும் குதிரையில் இருக்க வேண்டும். கூட்டம் பெருத்தால் நடை குறையும். மூட்டை பெருத்தாலும் குறையும். இதற்கு ஆட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது. குதிரைக் கடையில் பொதி குதிரை வாங்கி உங்கள் மூட்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டால், சுமையால் வருகிற தாமதம் குறைந்துவிடும். மூட்டையில் சரக்கு வைக்கிற கட்டத்தை ஒரு குதிரை அடைத்துக்கொள்கிறதே என்று கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். நான் எப்போதும் மூன்று வைத்திருப்பேன். கட்டம் போதவில்லை என்றால் 'இன்வென்டரி மேனேஜ்மென்ட்' திறமையில் ஒரு புள்ளி போட்டால் ஆறு கட்டம் கூடும்.

இனி சரக்கு. எந்த நகரத்துக்குப் போனாலும் சந்தைக்குள் 'அசெஸ் தி லோக்கல் பிரைசஸ்' என்று ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் ஆட்டத்தில் சில மணி நேரம் ஓடும், பிறகு இங்கே இன்னதை வாங்கி இன்ன ஊரில் விற்றால் இவ்வளவு லாபம் என்று சொல்லும். டிரேட் கூடக் கூட, அதிகத் தகவல் கிடைக்கும். புதிதாக ஆடுகிறவர்கள் இதைத் தொடுவதே இல்லை. காசிமேட்டில் கூடையைத் தொடுவதற்கு முன் அம்மா ஒரு சுற்று சும்மா நடப்பார். எந்த விசைப்படகு வந்திருக்கிறது, சங்கரா வரத்து எப்படி, யார் ஏலம் கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் காசுப் பையை இடுப்பிலிருந்து எடுப்பார். அந்தச் சுற்றுதான் இது. ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: நீங்கள் போய்ச் சேர்வதற்குள் வணிகக் கூட்டங்களும் போய்க்கொண்டிருக்கும், விலையும் நகர்ந்துகொண்டிருக்கும். தூர ஊர் லாபத்தை முழுதாக நம்பாமல், பாதி வந்தாலும் கட்டுபடியாகுமா என்று பாருங்கள்.

நான் தொடங்குவது வடக்கே குராவ் நகரத்தில், இரும்பில். இரும்பு அங்கே மலிவு. என் சென்ற ஆட்டத்தின் நோட்டிலிருந்து ஒரு நடையை அப்படியே எடுத்து வைக்கிறேன், உங்கள் ஆட்டத்தில் எண்கள் மாறும். குராவில் ஆறு கட்டு வாங்கினேன்: 171, 176, 181, 187, 192, 198. வாங்க வாங்க விலை ஏறுவதைக் கவனியுங்கள். மொத்தம் 1,105. நாட்டின் நடுவில் இருக்கிற திரிமுக்கு வந்தேன். முதல் கட்டு 298-க்குப் போனது. அடுத்தது 286. மூன்றாவது 274. அங்கேயே நிறுத்தினேன். மிச்சம் மூன்றை சூனோவில் 290, 279, 268 என்று கொடுத்தேன். மொத்தம் 1,695. கையில் நின்றது 590.

ஆறையும் திரிமிலேயே தள்ளியிருந்தால்? அடுத்தடுத்து 263, 252, 241 என்று இறங்கியிருக்கும். 81 டினார் குறைவு. இதற்கா ஒரு ஊர் தள்ளிப் போக வேண்டும் என்று பையன் கேட்டான். அந்த 81 பெரிய விஷயமில்லை. விஷயம் அடுத்த நடையில் இருக்கிறது. நீங்கள் ஆறு கட்டைக் கொட்டிவிட்டுப் போன ஊரில் விலை உடனே எழுந்து நிற்காது, மெதுவாகத்தான் ஏறும். அடுத்த முறை வரும்போது உங்கள் பழைய சரக்கே உங்களுக்குப் போட்டியாக அங்கே உட்கார்ந்திருக்கும்.

அம்மா கூடையில் பதினைந்து கிலோ சங்கரா இருந்தாலும் ஒரு தெருவில் ஐந்து கிலோவுக்கு மேல் இறக்க மாட்டார். சின்ன வயதில் கூடப் போகும்போது கால் வலிக்கும், "இங்கேயே எல்லாத்தையும் வித்துட்டுப் போலாமே" என்பேன். "ஒரே தெருவுல கூடையக் கவுத்தா மூணாவது வூட்டுலயே பேரம் ஆரம்பிச்சிடும்டா. நாளைக்கும் இதே தெருவுக்குத்தான வரணும்" என்பார். கூடையைப் பாதி மூடியேதான் வைத்திருப்பார். இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியக் கூடாது. ஆட்டத்தில் கூடையை மூட வழியில்லை, ஆனால் மூன்றோடு நிறுத்த வழி இருக்கிறது. என் விதி: முதல் விலையிலிருந்து பத்தில் ஒரு பங்கு இறங்கினால் அடுத்த ஊர்.

சரக்குக் கடைக்காரரிடம் காசும் அளவோடுதான் இருக்கும். விலை உயர்ந்த சரக்கைக் கொண்டுபோனால் இரண்டாவது மூட்டையிலேயே அவர் பெட்டி காலி. அப்போது ஓசியாக விட்டுவிட்டு வராதீர்கள், நான் அப்படி ஒரு முறை விட்டிருக்கிறேன். அந்த ஊரில் மலிவாகக் கிடக்கிற வேறு சரக்கை மாற்றாக எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கடையிலும் காசு வராத பார்ட்டியிடம் பதிலுக்கு வேறு சரக்கு எடுப்பதுண்டு. முதலாளி முணுமுணுப்பார், ஆனால் எடுப்பார்.

எந்தச் சரக்கு என்பது கையில் இருக்கிற காசைப் பொறுத்தது. இரும்புக் கட்டு ஒன்று 60 கனம், விலை சராசரியாக 260-ஐ ஒட்டி. மசாலா மூட்டை 40 கனம், விலை 880-ஐ ஒட்டி. வெல்வெட் அதே 40 கனத்துக்கு ஆயிரத்தைத் தாண்டும். ஒரே குதிரை முதுகில் எதை ஏற்றினால் அதிகம் நிற்கும் என்பது கணக்கே போடாமல் தெரிகிறது. ஆனால் ஆயிரம் டினார் வைத்துக்கொண்டு ஒரே ஒரு மசாலா மூட்டை வாங்கினால், அது விலை போகாத ஊரில் மாட்டிக்கொண்டு நிற்பீர்கள். ஆரம்பத்தில் இரும்பு, உப்பு, துணி. மூவாயிரம் சேர்ந்ததும் கிழக்கே துல்காவுக்குப் போய் மசாலா. அதற்கப்புறம் இரும்பைத் திரும்பிப் பார்க்க மாட்டீர்கள். மண்ணடி இரும்புக்கடைக்காரர்கள் மன்னிக்க வேண்டும்.

சாப்பாட்டுச் சரக்கைப் பற்றித் தனியாக ஒரு எச்சரிக்கை. தேன் நல்ல விலைக்குப் போகிறது என்று நாலு ஜாடி ஏற்றினேன் ஒரு தடவை. விற்கப் போய்ப் பார்த்தால் ஒரு ஜாடி கால்வாசி காலி, இன்னொன்று பாதி. என் ஆட்களே தின்றுவிட்டார்கள். மூட்டையில் இருக்கிற எந்த உணவும் அவர்களுக்குச் சோறுதான், விற்பதற்கு வைத்தது என்று தெரியாது. கறியும் கோழியும் அதோடு கெட்டும் போகும். சோற்றுக்குத் தானியமும் ரொட்டியும் போதும். விற்கிற சரக்கில் வாயில் போடக்கூடியது எதுவும் வேண்டாம். கூடையிலிருந்து நான் இரண்டு நெத்திலியை எடுத்தால் அம்மா கையில் அடிப்பார், அந்த வசதி ஆட்டத்தில் இல்லை.

சண்டையை யாவாரி எப்படிப் பார்க்க வேண்டும்? இங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, வரத்து சுருங்கும், வஞ்சிரம் விலை வாயைப் பிளக்க வைக்கும். கல்ராடியாவில் ஒரு ராஜா அடுத்த ராஜ்யத்தின் கிராமங்களைக் கொளுத்தினால் அதுவும் ஒரு தடைக்காலம்தான். கிராமத்திலிருந்து நகரத்துக்கு வருகிற சரக்கு நின்றுபோகும், விலை ஏறும். யார் யாருடன் சண்டை என்கிற செய்தி திரையின் ஓரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும், படியுங்கள். சண்டை நடக்கிற ராஜ்யத்தின் நகரங்களுக்குத் துணியும் எண்ணெயும் கொண்டுபோய் நல்ல காசு பார்த்திருக்கிறேன். முற்றுகை போட்டிருக்கிற நகரத்துக்கு மட்டும் போகாதீர்கள்.

இனி நான் அடி வாங்கிய கதை. துல்காவில் எட்டு மூட்டை மசாலா. கையில் இருந்த அத்தனை காசும் அதில். பன்னிரண்டு பேர், பாதிப் பேர் கால்நடை, ஒரே ஒரு பொதி குதிரை. புல்வெளியைத் தாண்டுவதற்குள் ஸ்டெப் பேண்டிட்ஸ் என்கிற கொள்ளைக்காரர்கள் வந்துவிட்டார்கள். அவர்கள் எல்லாரும் குதிரையில், வில்லோடு. ஓடினால் பிடித்துவிடுவார்கள், நின்றால் சுற்றிச் சுற்றி அடிப்பார்கள். இரண்டும் செய்து பார்த்தேன். விழித்தபோது கைதி. தப்பி வெளியே வந்தபோது மூட்டையில் பாதிக்கு மேல் இல்லை, காசிலும் ஒரு பங்கு போயிருந்தது, ஆட்களில் ஒருவரும் மிச்சமில்லை. நான் ஆடியது பழைய இடத்துக்குத் திரும்பப் போய் லோடு செய்ய முடியாத முறையில். அன்று ராத்திரி இரண்டு மணிக்கு லேப்டாப்பை மூடிவிட்டு எண்ணூர் நெடுஞ்சாலையில் போகிற கன்டெய்னர் லாரி சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். அந்த லாரிக்காரர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள், தனியாக ஓட்டினாலும் வரிசை விடுவதில்லை.

அதிலிருந்து சில பழக்கங்கள் வந்தன. மூட்டை நிறைந்தால் ஆட்களில் ஒருவர்கூட நடக்கக் கூடாது. வரைபடத்தில் எதிரே ஒரு கூட்டம் தெரிந்தால் அதன் மேல் சுட்டியை வைத்து எண்ணிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி. புல்வெளியில் ஸ்டெப் பேண்டிட்ஸ், நார்டு ராஜ்யத்தின் கடற்கரையில் சீ ரெய்டர்ஸ், மலைப்பக்கம் மவுன்டன் பேண்டிட்ஸ். இவர்களில் கடற்கரைக்காரர்கள் நடந்துதான் வருவார்கள், குதிரையில் தப்பிவிடலாம். கைக்காசு முழுவதையும் ஒரே நடையில் போடுவதையும் விட்டுவிட்டேன்.

ஐயாயிரம், ஆறாயிரம் என்று கையில் நிற்கத் தொடங்கியதும் அலைச்சல் அலுத்துப்போகும். அங்கேதான் பட்டறை வருகிறது. எந்த நகரத்திலும் கில்டு மாஸ்டரிடம் கேட்டால் நிலம் வாங்கித் தொழில் தொடங்கலாம், அந்த ஊருக்கு உங்கள் மேல் கசப்பு இல்லாமல் இருந்தால் போதும். ஒரு நகரத்துக்கு ஒன்றுதான். மாவு மில்லும் பேக்கரியும் சேர்ந்தது 1,500 டினார். சாராயம் காய்ச்சுவது 2,500. இரும்புப் பட்டறை 3,500. எண்ணெய்ச் செக்கு 4,500, வைன் 5,000, கம்பளி நெசவும் லினன் நெசவும் தலா 6,000, தோல் பதனிடுவது 8,000. கடைசியில் சாயப்பட்டறை 10,000, அதில் பச்சைப் பட்டும் சாயமும் உள்ளே போய் வெல்வெட் வெளியே வரும். காசு கொடுப்பதற்கு முன்பே கில்டு மாஸ்டர் இன்றைய விலைக்கு வாரம் எவ்வளவு நிற்கும் என்று கணக்குச் சொல்வார். காதைக் கொடுத்துக் கேளுங்கள். ஒரே பட்டறை ஒரு ஊரில் கொழிக்கும், இன்னொரு ஊரில் மூலப்பொருள் விலையிலேயே போய்விடும்.

என் கணக்கு இப்படி. பேக்கரி எனக்கு வாரம் 150-ஐ ஒட்டித் தந்தது, பத்து வாரத்தில் முதல் திரும்பியது. சாயப்பட்டறை வாரம் ஐந்நூறுக்கு மேல், முதல் திரும்ப இருபது வாரம் ஆகும். பத்து வாரம்தானே நல்லது என்று தோன்றும். ஆனால் ஊருக்கு ஒன்றுதான் என்பதை மறக்காதீர்கள். அந்த ஒரே இடத்தை 150-க்குக் கொடுத்துவிட்டால் அந்த ஊரில் உங்களுக்கு 150 தான். நான் முதல் ஒன்றை மட்டும் கை நனைக்க பேக்கரியாகப் போட்டேன், மற்ற ஊர்களில் காத்திருந்து சாயப்பட்டறை. கம்பெனிக்காரன் காலத்தில் கப்பல் ஏறுகிற துணியை வெளுத்தவர்கள் இருந்த பேட்டையில் வளர்ந்தவனுக்குச் சாயத்தின் மேல் ஒரு பாசம் இருக்கலாம், அதையும் கழித்துக்கொள்ளுங்கள். பட்டறைத் தலைவரிடம் பேசினால் நீங்கள் மலிவாக வாங்கிய மூலப்பொருளை அவர் கிடங்கில் போட்டுவைக்கலாம், அந்த வாரம் லாபம் குதிக்கும். வழியில் பச்சைப் பட்டு மலிவாகக் கிடைத்தால் நான் விடுவதில்லை.

இந்த நேரத்தில்தான் ஏதாவதொரு ராஜா ஆள் அனுப்புவார், என்னிடம் சேர்ந்துவிடு, கிராமம் தருகிறேன் என்று. பையன் துள்ளிக் குதித்துச் சேர்ந்துவிட்டான். சேர்ந்த மறுநிமிஷம் அந்த ராஜாவின் எதிரிகளெல்லாம் உங்கள் எதிரிகள். எதிரி நகரத்தில் இருக்கிற உங்கள் பட்டறையை முடக்கிவிடுவார்கள், சமாதானம் ஆகிறவரை ஒரு டினார் வராது. அந்த ஊர்ச் சந்தைக்குள் தைரியமாக நடக்கவும் முடியாது. தருகிற கிராமமோ பெரும்பாலும் எல்லையில் இருக்கும், அதை வாரம் ஒரு முறை யாராவது கொளுத்துவார்கள். கோட்டையும் கொடியும் வேண்டும் என்று ஆசைப்பட்டால் சேருங்கள், அதற்கு முன் குறைந்தது பத்து ஊரிலாவது பட்டறை போட்டுவிடுங்கள். நான் இதுவரை முடித்த நீளமான ஆட்டத்தில் யாருக்கும் மண்டியிடவில்லை. எல்லா ராஜாவின் ஊரிலும் எனக்கு ஒரு சாயப்பட்டறை இருந்தது, எல்லாரும் என் வெல்வெட்டைக் கட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

இதற்கு அடுத்து 2022-ல் முழுதாக வெளிவந்த பேனர்லார்டு ஆட்டத்தில் இதெல்லாம் இன்னும் விரிவாக இருக்கிறது, வணிகக் கூட்டத்தையே சொந்தமாக அனுப்பலாம். என் லேப்டாப் அதைத் திறந்தால் மிக்ஸி மாதிரி இரையும். அதனால் அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

பையன் கடைசியில் நாற்பது பேரை அனுப்பவில்லை, முப்பத்தெட்டு பேரை அனுப்பினான். இரண்டு பேர் ரொம்ப நாளாகக் கூட இருக்கிறார்களாம். நேற்று மதியம் கடையில் பில் போட்டுக்கொண்டிருக்கும்போது போனில் ஒரு படம் வந்தது, குராவ் சந்தை. கீழே எழுதியிருந்தான்: "மாமா, இரும்பு 168. பத்து எடுக்கட்டுமா?"

பொதி குதிரை எத்தனை இருக்கிறது என்று கேட்டேன். அரை மணி நேரம் பதிலில்லை. அப்புறம் வந்தது: "இப்போ ரெண்டு."